எலும்பு நல்லாத்தான் கீது

பத்மாவதிக்கு வாய் சும்மா இருக்காது. வம்பு பேசுகிற வாய் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம், அது கேள்வி கேட்கிற வாய். பெரியேரிக் கரையில் அவள் மீன் வறுத்து விற்கிற அடுப்புக்கு முன்னால் வந்து நின்றவன் எவனும் ஊர், பேர், செய்கிற வேலை மூன்றையும் சொல்லாமல் மீன் தின்றதில்லை. சத்தியவேடு பக்கம் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருவார்கள். அவர்களை விடவே மாட்டாள்.

"செல்போன் செய்யறீங்களா? முழுசாவா, இல்ல மேல இருக்கற மூடி மட்டுமா?"

"மூடி மட்டும்தான்க்கா."

"அப்ப உள்ள கீற சாமான யாரு செய்யறா?"

"அது சீனாவுல."

"அங்க செய்யறவளுக்கு இந்த மூடி யாரு செய்யறாங்கன்னு தெரியுமா?"

பையன் என்ன சொல்வான்? "மீன் கருவுதுக்கா" என்பான். உண்மையிலேயே கருகியிருக்கும். அவள் மாமியார் செல்லியம்மா பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டே, "இவள கேள்வி கேக்க வுட்டா வேதநாராயண சாமியே வேதத்த மறந்துட்டு ஓடுவாரு" என்பாள். நாகலாபுரம் கோயில் சாமி அவ்வளவு சீக்கிரம் ஓடுகிறவர் இல்லைதான். ஆனால் செல்லியம்மாவுக்கு மருமகளைப் பற்றி அப்படி ஓர் அபிப்பிராயம்.

பத்மாவதியின் புருஷன் சிரஞ்சீவி துபாயில் எட்டு வருஷம் இருந்தவன். கட்டட வேலை என்று கூட்டிப்போனவன் அவனைக் கடற்கரையில் விட்டான். வெள்ளைக்காரர்கள் ஏறி ஓட்டுகிற தண்ணி பைக்குகளுக்கு உப்பு கழுவுகிற வேலை. மூன்று வருஷம் கழுவினான், இரண்டு வருஷம் டிராக்டரில் கட்டி இழுத்தான், கடைசி மூன்று வருஷம் அவனே ஓட்டிக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அப்பனுக்குக் காணி நிலம் கிடையாது, தாத்தனுக்கும் கிடையாது. ஊரார் நிலத்தில் கூலிக்குக் குனிந்தவர்களின் பிள்ளை, கடலின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து போனான். அந்த ருசி விடுமா? ஊருக்குத் திரும்பி வந்த வருஷம் கார்த்திகையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, ஒன்பது வருஷமாய்க் காய்ந்து கிடந்த பெரியேரி மூன்றே நாளில் நிரம்பி வழிந்து கடைவாசல் போனது. சிரஞ்சீவி கரையில் நின்று பார்த்தான். மறுவாரம் சென்னைக் கடற்கரைப் பக்கம் போய், மூன்று கை மாறிய ஒரு தண்ணி பைக்கைத் தம்பி முனியப்பனின் உதவியோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

பத்மாவதி அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "சக்கரமே இல்ல, எப்படியா திரும்புது?" என்று கேட்டாள். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது, பீய்ச்சுகிற வாயைத் திருப்பினால் வண்டி திரும்புகிறது என்று அவன் படுத்துக் காட்டினான். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்புக் கயிறு எதற்கு என்று கேட்டாள். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், வண்டி தானாக நின்றுவிடும் என்றான். நல்ல புத்திசாலி யாரோ செய்திருக்கிறான் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் அவன் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

ஏரி காய்ந்து கிடந்த வருஷங்களில் உள்ளே முழுக்க வேலிகாத்தான் முள்மரம் மண்டிவிட்டது. கரிமூட்டத்துக்கு ஏலம் எடுத்தவர்கள் கூலிக்கு ஆள் விட்டு வெட்டினார்கள். புருஷன் துபாயில் இருந்த காலத்தில் பத்மாவதியும் அதில் வெட்டினாள். அந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. மரத்தை அடியோடு வெட்டக்கூடாது, முழங்கால் உயரம் விட்டு வெட்ட வேண்டும். விட்ட கட்டை மறுபடி துளிர்க்கும், நாலு வருஷத்தில் மறுபடி ஏலத்துக்கு வரும். வடக்கு மூலையில் அப்படி முழங்கால் உயரக் கட்டைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. எல்லாம் இப்போது தண்ணீருக்குள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அவள் அதைத்தான் கேட்டாள்.

"இன்னாயா, மதகு தொறந்து பத்து நாளாவுது. நான் மீன் தேய்க்கற கல்லு ரெண்டு படி மேல வந்துச்சி. வடக்கு மூலையில நாங்க வெட்ன கட்டைங்க கீதே, உன் வண்டி போயி முட்டிக்காதா?"

"ஏமே, கப்பல் போற கடல்ல ஓட்னவன் நானு."

"கடல்ல எவன் வேலிகாத்தான் வெட்னான்?"

"தண்ணி இன்னும் ஆளு மட்டம் கீது. போயி மீனப் பாரு."

அவள் போய் மீனைப் பார்த்தாள். இதுதான் நடந்தது. பின்னால் ஊரில் பல பேர் பல விதமாகச் சொன்னார்கள்.

காணும் பொங்கல் அன்று கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாகலாபுரம் கோயிலுக்கு வந்தவர்கள், பிச்சாட்டூர்க்காரர்கள், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வேன் கட்டிக்கொண்டு வந்தவர்கள், எல்லாரும் கரும்பும் புளிசாதமுமாய்க் குந்திவிட்டார்கள். பத்மாவதி காலையிலிருந்து இரண்டு கூடை ஜிலேபி மீன் வறுத்துத் தள்ளிவிட்டாள். பதினோரு மணி இருக்கும். தண்ணி பைக்கில் ஏற ஜனங்களுக்கு ஆசைதான், பயமும் இருந்தது. பயம் தெளிய வைக்க சிரஞ்சீவி துபாயில் செய்கிற மாதிரியே இலவசமாக ஒரு ரவுண்டு அடித்துக் காட்டினான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். பிள்ளைகள் ஓவென்று கத்தின. கத்தக் கத்த அவனுக்கு ஏறியது. இன்னொரு ரவுண்டு. இந்தத் தடவை வளைவு பெரியதாக, வடக்கு மூலையைத் தொட்டுக்கொண்டு போனது.

"டொக்" என்றது.

பெரிய சத்தம்கூட இல்லை. பத்மாவதி நிமிர்ந்து பார்த்தபோது வண்டி நின்றிருந்தது, மேலே ஆள் இல்லை. கையில் ஜல்லிக் கரண்டியோடு தண்ணீர் ஓரம் ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் சிவப்பு மிதவைச் சட்டை எழுந்து நிற்பது தெரிந்தது. தெப்பத்தில் வலை வீசிக்கொண்டிருந்த கங்கையா அவனைத் தொற்றவைத்துக் கரைக்கு இழுத்து வந்தார். சிரஞ்சீவி தன் காலால் நடந்து கரையேறினான். சிரித்தான்கூட.

"ஒண்ணும் ஆவல. ஹேண்டிலு வவுத்துல ஒரு இடி இடிச்சது. வண்டிக்குத்தான் இன்னா ஆச்சின்னு தெர்ல."

"ரத்தம் வந்துச்சா?" என்றாள் பத்மாவதி.

"எங்க கீது ரத்தம்? நீயே பாரு."

பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கும்பல் கலைந்து கரும்புக்குத் திரும்பியது. செல்லியம்மா மகனுக்கு ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தாள். புளிய மரத்தடியில் உட்கார்ந்து குடித்தான்.

அரை மணி நேரம் போயிருக்கும். "பத்மா, தோளு வலிக்குதுமே" என்றான். இடது தோள். வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது.

இனி அந்தப் பக்கத்து ஜனங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலி எலும்பில் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் வாயில் ஒரே சொல்தான் வரும்: புத்தூர். மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் ஒடிந்த எலும்புக்குப் பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொள்ள அங்கே வருகிறபோது, உள்ளூர்க்காரன் வேறு எங்கே போவான்? சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தூர்க் கதை இருந்தது.

"காறை எலும்புதான். எங்க மச்சானுக்கு இப்டிதான் ஆச்சி. மூணே கட்டு," என்றார் கங்கையா.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாவுக்கட்டு போட்டு ஆறு மாசம் தொங்கவுடுவான்," என்றான் இன்னொருவன்.

பத்மாவதி அதற்குள் 108-க்குப் போன் போட்டிருந்தாள். எல்லை ஓரத்து டவர் விஷயம் தெரியுமல்லவா? நிற்கிற இடம் ஆந்திரா, போன் பிடிக்கிற டவர் தமிழ்நாடு. சென்னையில் ஒரு பெண் எடுத்தாள்.

"எந்த மாவட்டம்மா?"

"சித்தூரு."

"சித்தூர் ஆந்திரா இல்லீங்களா? லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க. நான் அங்க கனெக்ட் பண்றேன். என்ன அடிம்மா?"

"தோள்பட்டைங்க. தண்ணி பைக்ல..."

"என்ன பைக்?"

முனியப்பன் ஷேர் ஆட்டோவைக் கரை மேலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "அண்ணி, வண்டி ரெடி! போன்ல பேசிக்கினு கீறதுக்குள்ள பிச்சாட்டூரத் தாண்டிடலாம்!" என்று கத்தினான். பத்மாவதி போனைக் காதில் வைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். தோள்பட்டைதானே. மரம் வெட்டுகிற காலத்தில் அவள் கையே ஒடிந்து, புத்தூரில் போட்ட கட்டினால் ஒட்டிய கைதான் இப்போது போனைப் பிடித்திருந்தது. மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள், கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"புத்தூருக்கே போலாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆட்டோ பின்சீட்டில் நடுவில் அவன், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் செல்லியம்மா. மழையில் அரித்துப்போன ரோடு, பள்ளத்துக்குப் பள்ளம் அவன் பல்லைக் கடித்தான். பிச்சாட்டூர் தாண்டியபோது தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். இரண்டு கிலோமீட்டருக்குள் மறுபடி கேட்டான்.

"இன்னாயா இம்மாம் தாகம்?"

"தெர்லமே. வாய் ஒட்டிக்குது."

"தோளுல எந்த எடம்? மேலயா, பின்னாலயா?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா உள்ளதாமே! வழியெல்லாம் கேள்வி கேட்டு உயிர வாங்காத!"

"வுடுமே, நோவுல கீறான்," என்றாள் செல்லியம்மா. பத்மாவதி வாயை மூடிக்கொண்டாள். மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். சாய்ந்தவன் "அம்மாடி!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் கை சில்லென்றிருந்தது. உச்சி வெயிலில் இதென்ன குளிர்ச்சி என்று அவள் மனசு அரித்தது. கேட்டால் திட்டுவான்.

நாராயணவனம் தாண்டி, புத்தூர் வந்து, கட்டுப் போடுகிற அந்தக் கூடத்தை அடைந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஐயோ, அந்தக் கூட்டம்! முந்தின நாள் மாட்டுப் பண்டிகை. மாடு முட்டினவன், மாட்டைப் பிடிக்கப் போய் விழுந்தவன், மாட்டுக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்தவன் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சிலை வாசனையும் முட்டை நாற்றமும் கலந்து அடித்தது. மூங்கில் பத்தைகள் ஒரு மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. டோக்கன் கொடுக்கிற பெண் சிரஞ்சீவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "முந்து வீள்ளனி பம்பிச்சண்டி" என்று உள்ளே குரல் கொடுத்து இவர்களை முன்னால் விட்டாள். நல்ல பெண்.

கட்டுப் போடுகிறவர் நாற்பது வயது ஆள், பேண்ட் சட்டை, பையில் பேனா. பத்மாவதி எதிர்பார்த்த மாதிரி விபூதி, மந்திரம் ஒன்றும் இல்லை. அவர் கட்டைவிரலைக் காறை எலும்பின் மேல் வைத்து, கழுத்திலிருந்து தோள் முனைவரை மெல்ல ஓட்டினார். அப்புறம் முதுகில் தோள்பட்டைச் சிப்பி. அப்புறம் மூட்டு.

"கையத் தூக்குப்பா."

சிரஞ்சீவி தூக்கினான். தலைக்கு மேலே நேராகப் போனது கை.

"வலிக்குதா?"

"கைய தூக்கறதுக்கு வலிக்கல சார். சும்மா இருந்தாத்தான் வலிக்குது."

"எலும்பு நல்லாத்தான் கீது. ஒடிவும் இல்ல, பெசகும் இல்ல," என்றார் அவர்.

செல்லியம்மா இரண்டு கையையும் தூக்கித் திருப்பதி திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். முனியப்பன் பெருமூச்சு விட்டான். உதவிக்கு நின்றவன், "ரத்தக்கட்டு இருக்கும். இலை வெச்சி ஒரு கட்டு போட்டு அனுப்பிடலாமா?" என்று கேட்டான்.

"போடுங்க சார், போடுங்க," என்றான் முனியப்பன். "இவ்ளோ தூரம் வந்துட்டு கட்டு இல்லாம ஊட்டுக்குப் போனா ஊரு சிரிக்கும்."

எல்லாருக்கும் நிம்மதி. எல்லாருக்கும் என்றா சொன்னேன்? பத்மாவதிக்கு இல்லை. அவளுக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் பிடித்தது.

"ஒடியாத எலும்பு இன்னாத்துக்கு சார் வலிக்குது?"

"அடிபட்டிருக்கும்மா."

"தோளுல அடியே படல. வவுத்துல பட்டுச்சின்னுதான் சொன்னாரு. நான் அப்பவே பாத்தேன், தோளுல ஒரு கன்னிப்புகூட இல்ல. நீங்களும் பாருங்க."

அவர் பார்த்தார். "இல்லதான்," என்றார்.

"அப்ப வலி எங்கேர்ந்து வருது?"

அந்த மனுஷன் கட்டைவிரலை இன்னொரு தடவை தோளில் ஓட்டினார். அப்புறம் சொன்னார்: "அது எனக்குத் தெரியாதும்மா. எனக்கு எலும்பு தெரியும். எலும்புல ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல நான் சொன்னா பொய்யாயிடும்."

உதவியாள் அதற்குள் சிரஞ்சீவியைக் கட்டுப் போடப் பெஞ்சில் படுக்கவைத்தான். முதுகு பலகையைத் தொட்டதும் அவன் அலறினான். "தோளு! தோளு!" என்று எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அலறல் நின்றது.

"யோவ், இன்னொரு வாட்டி படு," என்றாள் பத்மாவதி.

"அடிப்பாவி!" என்றாள் செல்லியம்மா. "எம்புள்ள துடிக்குது, நீ படுக்கவெச்சி எழுப்பி வெள்ளாடறியா?"

"அத்தே, ஒரு நிமிசம். படுத்தா வலிக்குது, குந்துனா கொறையுது. எலும்பு நோவு இப்டி செய்யுமா? எங்கையி ஒடஞ்சப்போ நான் படுத்தாலும் வலிச்சுது, நின்னாலும் வலிச்சுது."

அவள் அவன் சட்டையைத் தூக்கினாள். இடது விலாவுக்குக் கீழே, ஏரிக்கரையில் பார்த்தபோது இல்லாத ஒரு நீலம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கை வைத்தாள். வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. தொட்டவுடன் அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். தட்டின கையில் பலமே இல்லை. கண் செருகியது.

"பத்மா, கண்ணு இருட்டுதுமே."

ஐயோ, நான் இவனை எங்கே கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அதை நினைக்க அப்போது நேரம் இல்லை. "கட்டு வேணாம் சார், ஆம்புலன்ஸ்!" என்று கத்தினாள்.

"அண்ணி, கட்டு மட்டும் போட்டுக்கினு..." என்று இழுத்தான் முனியப்பன்.

"கட்ட உன் தலையில போட்டுக்கோடா! போன எடு!"

கட்டுப் போடுகிறவர் தன் போனிலிருந்தே 108-க்குப் பேசினார். புத்தூர் டவர் ஆந்திராவுக்கே போனது. பத்து நிமிஷத்தில் வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய வெங்கடரமணன் என்கிற இளைஞன் தெலுங்கில் ஆரம்பித்து இவர்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். நாடி பார்த்தான், பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்தான், வயிற்றை இரண்டே இடத்தில் மெல்ல அழுத்தினான்.

"எத்தன மணிக்கு அடி?"

"பதினொண்ணு."

"எதுல இடிச்சுது?"

"ஹேண்டிலு. எடது பக்கம்."

"மயக்கம் வந்துச்சா? வாந்தி? இன்னா குடிச்சாரு? எவ்ளோ குடிச்சாரு? மாத்திரை ஏதாச்சும் துன்றாரா?"

பத்மாவதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிற ஒரு ஆளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். இவன் கேட்கிற வரைக்கும் புருஷனுக்கு உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கட்டும், கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

வண்டி கிளம்பியது. உள்ளே அவளும் செல்லியம்மாவும். கால் பக்கம் உயர்த்தி, கையில் சலைன் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, போர்வை போர்த்தினான் வெங்கடரமணன். சிரஞ்சீவி தோள் தோள் என்று முனகினான். வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, நோவு தோளுல கீது. நீ வவுத்த அமுக்கிப் பாத்தியே, இன்னாத்துக்கு?"

"உள்ள ரத்தம் கசியுதுக்கா. கசிஞ்ச ரத்தம் மேல போயி நெஞ்சுக்கும் வவுத்துக்கும் நடுவுல கீற சவ்வத் தொட்டா, வலி தோளுல தெரியும். ரெண்டுக்கும் நரம்பு ஒண்ணுதான்."

"அதான் படுத்தா ஏறுச்சா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "ஆமாக்கா. படுத்தா ரத்தம் மேல போவும்."

"ஐயோ," என்றாள் பத்மாவதி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் போனில் ஆஸ்பத்திரியோடு பேசினான், பிரஷர் எண்பது என்றான், தியேட்டர் என்றான், ரத்தம் என்றான். செல்லியம்மா மகனின் பாதத்தைப் போர்வைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. மூன்று மணி. வயிற்றில் ஏதோ கருவியை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். டிவியில் கறுப்பாய் ஏதோ தெரிந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். பத்மாவதி பேசுகிற பாஷை தமிழ், படித்த ஐந்து கிளாஸ் தெலுங்கு. தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள். கதவு சாத்திக்கொண்டது. ஆட்டோவில் பின்னாலேயே விரட்டிக்கொண்டு வந்த முனியப்பன், ஊசி என்றால் சின்ன வயசிலிருந்து மரத்தில் ஏறிக்கொள்கிறவன், அண்ணனுக்காகக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் பண்டிகைப் புளிசாதத்தில் ஒரு பிடி கொடுத்தாள். செல்லியம்மா வாங்கி மருமகள் பக்கம் நீட்டினாள்.

"துன்னு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ."

"வேணாம் அத்தே."

"நீ கேட்டியேமே, ஏன் வலிக்குதுன்னு. நாங்க கட்டுப் போட்டு இட்டுகினு பூட்டிருப்போம். நீ கேட்டதால..."

"அத்தே, பேசாத," என்றாள் பத்மாவதி. "ஏரிக்கரையில ஏன் கேக்கல? அங்கயே ஏன் கேக்கல நானு? மீன் வாங்க வர்றவன எல்லாம் கேக்கறேன்." புளிசாதம் செல்லியம்மாவின் கையிலேயே காய்ந்தது.

ஆறு மணிக்குக் கதவு திறந்து டாக்டரம்மா வந்தாள். தலையில் பச்சைத் துணி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பண்டிகை நாளிலும் வீட்டுக்குப் போகாதவள்.

"சிரஞ்சீவி வாள்ளு எவரு?"

மூன்று பேரும் எழுந்தார்கள்.

"பிழைச்சுக்குவார்," என்றாள் டாக்டரம்மா முதலில். அதை முதலில் சொன்னாளே, அவளுக்குப் புண்ணியம். "மண்ணீரல் கிழிஞ்சு போயிருந்துச்சு. வயிறு பூரா ரத்தம். எடுத்துட்டோம்."

செல்லியம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பத்மாவதி நின்றபடியே கேட்டாள்.

"மண்ணீரல்னா, ஆட்டுல சொவரொட்டின்னு விப்பாங்களே, அதுங்களா?"

டாக்டரம்மா ஒரு நொடி விழித்தாள். "ஆமா. அதேதான்."

"அது இல்லாம மனுசன் இருப்பானா?"

"இருப்பார். தடுப்பூசி போடணும். இனிமே ஜுரம் வந்தா மட்டும் ஒரு மணி நேரம்கூட வீட்ல வச்சுக்கக்கூடாது, ஓடி வந்துடணும். புரிஞ்சுதா?" சொல்லிவிட்டுத் திரும்பியவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது. "பதினோரு மணிக்கு அடி. இங்க வந்தது மூணு. நாலு மணி நேரம்! இவரைப் புத்தூருக்கு யாரு கூட்டிட்டுப் போனது?"

முனியப்பன் முன்னால் வந்தான். "நான்தாங்க மேடம். ஆட்டோ என்னுது."

"அவன் ஓட்டுனாம்மா," என்றாள் பத்மாவதி. "சொன்னது நானு. ஆம்புலன்ஸ் போன்ல லைன்ல இருக்கச் சொன்னாங்க, நான்தான் வெச்சிட்டேன்."

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். 108-காரன் எழுதிக் கொடுத்த காகிதம்.

"அங்க கட்டுப் போடாம எழுப்பிட்டு வந்தாங்கன்னு எழுதியிருக்கு. கட்டு போட்டுப் படுக்க வச்சிருந்தா சாயந்திரம் வரைக்கும் தாங்கியிருக்க மாட்டார். அது யாரு?"

"அதுவும் நான்தாம்மா."

"ரெண்டும் நீங்களா?"

பத்மாவதி தலையாட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை.

"மொதல்ல செஞ்சது தெரியாம செஞ்சதும்மா," என்றாள். "ரெண்டாவதும் தெரியாமதான் செஞ்சேன்."